வெள்ளைப் புகைக்குழாய்

மலை ஏறும்போது வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தில் அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. திருத்தணி ஸ்டாண்டில் நிற்கும் என் பழைய வாடகைக் கார் சமதரையில் நன்றாகத்தான் ஓடும். மலைப்பாதையில் மட்டும் எஞ்சினை ஒட்டிய புகைக்குழாயின் சூட்டில் பெட்ரோல் கொதித்து எஞ்சின் அணைந்துவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுக்கிற பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, அது ஆறும்வரை நிற்பேன். போகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். எனக்கோ நாலு பேர் பார்த்தாலே கூச்சம்.

அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் ஒருவர், மலைக்கோயிலில் மகளின் கல்யாணம் என்று என் வண்டியைச் சொல்லிவிட்டுப் போனார். முகூர்த்த நேரத்தில் பெண்ணோடு நடுவழியில் நின்றால்? மெக்கானிக்கான என் பாவாவை, அக்கா வீட்டுக்காரரை, இழுத்துக்கொண்டு சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்கு ஓடினேன்.

கடையில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று கறுப்பு பெயின்ட் அடித்த புதுசு. இன்னொன்று பந்தயக் காரிலிருந்து கழற்றியது. எனாமல் தட்டு மாதிரி வெள்ளைப் பூச்சு. அந்தப் பூச்சு சூட்டை வெளியே விடாதாம். ஆனால் ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். கறுப்பை எடுத்தேன், வைத்தேன். மறுபடி வெள்ளையை எடுத்தேன்.

“இன்னா மச்சான், பைப்பு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றார் பாவா. கடைக்காரரும் சிரித்துவிட்டார். வெட்கத்தில் கையில் இருந்த வெள்ளையையே நீட்டினேன்.

கல்யாணத்தன்று காலையில் அதை மாட்டியதும், புதிதாய் வாங்கிய பொருளுக்குச் செய்கிற வழக்கப்படி பாவா குழாய் முழுக்கச் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தார். நானும் கும்பிட்டேன். அது நெருப்பாய்க் கொதிக்கப்போகிற இடம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அடிவாரச் சத்திரத்தில் பெண்வீட்டாரை ஏற்றிக்கொண்டு முதல் வளைவு திரும்பினேன். பானெட்டிலிருந்து புகை கிளம்பியது.

“ஐயோ, தீ! எறங்குங்க, எறங்குங்க!” என்று நெசவுக்காரர் கத்தினார். எல்லாரும் பட்டுப்புடவையோடு குதித்தார்கள். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. “சந்தனம்” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“நடந்தே போயிடலாம்மா. மாப்ளை ஊட்டுக்காரங்க காத்துகினு இருக்காங்க” என்றார் நெசவுக்காரர் மகளிடம்.

மணப்பெண் மோந்து பார்த்தாள். “ஊதுபத்தியாட்டம் வாசனை வருது நைனா, இதுவா தீ?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “இன்னாத்துக்கு டிரைவர் பூசை போட்டீங்க?”

“பைப்புக்குங்க.”

வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். “இந்த வெயில்ல என்னால நடக்க முடியாது.”

மற்றவர்களும் ஏறினார்கள். நெசவுக்காரர் மட்டும் கதவைத் திறந்துபிடித்து, ஒரு காலை வெளியே வைத்தபடியே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் என் காது எஞ்சினிலேயே இருந்தது. நிற்கவில்லை. மேலே மேளச் சத்தம் கேட்டது. அவர்கள் இறங்கி ஓடிய பிறகும் நான் சாவியைத் தொடவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ.