கண் வைக்காத உத்திராபதி

அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் போகிற ரோட்டில் அய்யம்பெருமாளின் கடைக்குப் போர்டு கிடையாது. ஊருக்கெல்லாம் போர்டு எழுதுகிற மனுஷனுக்குத் தன் கடைக்கு ஒன்று எழுதிக்கொள்ள நேரமில்லை என்று கேலி பேசுவார்கள். தேவையும் இல்லை. செத்துப்போனவர்களின் படம் வரைய வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும், சிமெண்ட் லாரி டிரைவர்கூடக் கை காட்டுவான். "கண்ணுன்னா அய்யம்பெருமாள்தாங்க. ஆளு அப்படியே எந்திரிச்சு வந்து பாக்குற மாரி இருக்கும்" என்பான்.

அந்தக் கண் விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். முகத்தைக் கடைசி மயிரிழை வரை வரைந்துவிடுவார், விழியை மட்டும் வைக்க மாட்டார். திவசத்தன்று காலையில் அந்த வீட்டுக்கே தூரிகையும் கையுமாகப் போவார். படத்தைக் கிழக்குப் பார்க்க நிறுத்தி, வீட்டுக்காரர்களை எதிரே உட்காரவைத்து, கருவிழியை அங்கேதான் வைப்பார். அதற்கப்புறம்தான் மூலையில் தன் பெயரை எழுதுவார். "மொதப் பார்வை வூட்டாளுங்க மேல விழணும். தெருவுல போற வர்றவன் மேல விழறதுக்கா வரையுறேன்?" என்பார். இருபத்திரண்டு வருஷமாக இதில் மாற்றமே இல்லை.

மாற்றினார், ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைதான் தலையில் கல்லைப் போட்டது.

2006-இல் தா.பழூரிலிருந்து ரெங்கம்மாள் வந்தார். புருஷன் உத்திராபதியின் தலைத் திவசத்துக்குப் படம் வேண்டும். இருந்த ஒரே போட்டோ வாக்காளர் அட்டையில். அதிலும் மனுஷன் கண்ணை மூடியிருந்தார். "எவன்க்கா எடுத்தது இது? ஒரு நிமிசம் பொறுத்து எடுத்திருந்தா அவன் குடியா முழுகிப்போயிருக்கும்?" என்று அய்யம்பெருமாள் கத்தினார். கத்தி என்ன ஆகப்போகிறது? மூன்று தடவை பஸ் ஏறித் தா.பழூர் போய், ரெங்கம்மாளின் எதிரே உட்கார்ந்து, கண் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"என்னத்தத் தம்பி சொல்றது? எடது கண்ணு செத்த இடுங்குனாப்ல இருக்கும். நெல்லு தூத்தையில தூசி விழுந்து புண்ணானதுலேர்ந்து அப்படித்தான். சண்டைன்னா அந்தக் கண்ணாலதான் மொறைப்பாரு" என்றார் ரெங்கம்மாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார்.

மகன் அறிவரசன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். அப்பன் சாவுக்கு வர லீவு கிடைக்கவில்லை. அவன் வாராவாரம் போன் போட்டு அய்யம்பெருமாளின் உயிரை வாங்கினான். "அண்ணே, படத்தைக் கம்ப்யூட்டர்ல அனுப்புங்கண்ணே. மூக்கு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லிடறேன்." நாலு தடவை முடியாது என்றார். ஐந்தாவது தடவை பையன் போனில் அழுதுவிட்டான். அழுதால் யாருக்குத்தான் மனசு இளகாது?

கண் வைக்காத படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்தும் செல்லதுரையிடம் போனார். செல்லதுரை டிஜிட்டல் கேமராவில் படம் பிடித்தான். அதோடு விட்டானா? "அண்ணே, அடியில ஒங்க பேரும் செல் நம்பரும் போட்டுடறேன். ஒரு வெளம்பரமாச்சு" என்றான். அய்யம்பெருமாள் தலையை ஆட்டினார். அந்தத் தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று பிற்பாடு எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறார்.

"மூக்கு அப்படியே எங்கப்பாண்ணே!" என்று மறுநாள் அறிவரசன் சொன்னான். நாலாம் நாள் துபாயிலிருந்து போன் வந்தது.

"ஏங்க, கண்ணு போடாம வரையுற ஆர்ட்டிஸ்டு நீங்கதானா?"

அடுத்து குவைத். அடுத்து திருப்பூர். செல்லதுரை கடைக்கு ஓடினார். இன்டர்நெட்டில் ஆளாளுக்குப் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் ஆர்குட் என்று ஒன்றில், அறிவரசனின் பக்கத்தைச் செல்லதுரை திறந்து காட்டினான். உத்திராபதி வெறும் வெள்ளை விழியோடு உட்கார்ந்திருந்தார். அடியில் அய்யம்பெருமாள், அரியலூர், செல் நம்பர். அதற்கும் அடியில் முப்பத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் அழுதிருந்தார்கள். மீதிப் பேர் சிரித்திருந்தார்கள். "கண்ணுக்கு வரும்போது பெயிண்ட் தீந்துபோச்சா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அய்யம்பெருமாளுக்கு நாடி நரம்பெல்லாம் எரிந்தது.

அந்த வாரமே எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் மணிவேல் வந்து, கொடுத்து வைத்திருந்த அம்மா போட்டோவைத் திருப்பிக் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க. எங்கம்மா கண்ணோட வாழ்ந்தவங்க" என்றார். எந்தக் கண்ணுக்காக ஊர் தன்னைத் தேடி வந்ததோ, அதே கண்ணைச் சொல்லித் தன் கடைப்படி இறங்குகிறான் ஒருத்தன். இதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சிங்கப்பூருக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்தப் படத்த எடுத்துடுங்க."

"ஏண்ணே எடுக்கணும்? எங்கப்பா. நாங்க சொல்லி வரைஞ்ச படம். எங்க ஊருப் பயலுவ பாத்து அழுவுறானுவண்ணே."

"அப்பா ஒங்களோடது. ஆணியடிச்சு மாட்டிட்டா படமும் ஒங்களோடது. கோடு என்னுது தம்பி! அரைகுறையா நிக்கிற கோட்ட ஊருக்குக் காட்டுங்கன்னு நான் சொன்னனா? மூக்குப் பாக்கத்தான அனுப்புனேன்?"

"நீங்கதான பேரும் நம்பரும் போட்டு அனுப்புனீங்க? ஊருக்குக் காட்டத்தான்னு நெனைச்சேன்."

அவன் கேட்டதும் நியாயம்தான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கடைசியில் அவனே இறங்கி வந்தான். "கண்ணு வைச்சதும் ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே. இத எடுத்துட்டு அதப் போட்டுடறேன்." திவசத்துக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளையும் நெருப்பின் மேல் நிற்பதுபோல் கழித்தார்.

திவசத்தன்று செல்லதுரையையும் கேமராவையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் தா.பழூர் போனார். ரெங்கம்மாள் வாங்க என்று சொன்னாரே தவிர, முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க வூட்டு மனுசன ஒலகமே பாத்துடுச்சாமே தம்பி. கண்ணு இல்லாம."

"தப்புதாங்க்கா. எம்மேலதான் தப்பு."

"நான் யாரையும் வையல. நீ கண்ண வையி."

படத்தைக் கிழக்குப் பார்க்க நிறுத்தினார். வலது விழி. அப்புறம் இடது விழி, இமையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஓரத்தை இடுக்கி. தூரிகையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ரெங்கம்மாள் கிட்டே வந்து அந்த இடது கண்ணையே பார்த்தார். "மொறைக்கிறதப் பாரு" என்றார் கடைசியில். அந்தக் குரலைக் கேட்டதும் அய்யம்பெருமாளுக்கு எட்டு நாள் எரிச்சலும் ஒரு நொடி அடங்கியது.

ஒரு நொடிதான். செல்லதுரை கேமராவைத் தூக்கினான். ரெங்கம்மாள் எழுந்து படத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அதெல்லாம் வேணாம்."

"அக்கா, இது போனாத்தான் அது போவும்! ஒங்க மவன் மாத்துறேன்னு சொல்லியிருக்காரு. இல்லைன்னா எம் பேரு அந்தக் கண்ணில்லாத படத்துலயே கெடந்து நாறும்க்கா!"

"தெரியுது தம்பி. ஒம் பொழைப்பு கெட்டுப்போச்சு, தெரியாம இல்ல. ஆனா எம் மவன் அப்பன் பொணத்தையும் பாக்கல. இதையும் அங்கயே ஒக்காந்து கம்ப்யூட்டர் பொட்டியில பாத்துட்டான்னு வையி, அப்பறம் இந்த வூட்டுக்கு அவன் எதுக்கு வருவான்?"

முதல் பார்வை வீட்டாளுங்களுக்கு என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு யார்? அய்யம்பெருமாள் செல்லதுரையைப் பார்த்து, "பையில போடுறா" என்று எரிந்து விழுந்தார். பிறகு குனிந்து, படத்தின் மூலையில் தன் பெயரை எழுதினார். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

மறுநாள் அறிவரசன் கூப்பிட்டான். "போட்டோ எங்கண்ணே?" அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். "அப்ப பழச எடுக்கச் சொல்லாதீங்கண்ணே. அப்பா மொகம்னு எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு" என்றான். அவனைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. போனை வைத்துவிட்டுக் கடையிலிருந்த காலி பெயிண்ட் டப்பாவை ஓங்கி உதைத்தார். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

இரண்டு நாள் கழித்து முன்பின் தெரியாத நம்பரிலிருந்து மறுபடி ஒரு போன்.

"ஏங்க, கண்ணு போடாத ஆர்ட்டிஸ்டு நீங்கதானா?"

"ஆமாங்க, நான்தான்" என்றார் அய்யம்பெருமாள். "கண்ணு தா.பழூர்ல இருக்குங்க. பாக்கணும்னா நேர்ல போய்ப் பாத்துக்குங்க. பெத்த மவனுக்கே அதான் சட்டம்."