கச்சான் பிடுங்கும் வரைக்கும்

எங்கள் பக்கத்து வளவுக்காரியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். முஸ்லிம் சனம் அக்காவை அப்படிச் சொல்வார்கள். தொண்ணூறில் முல்லைத்தீவிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கணவனோடு புத்தளத்துக்குப் போனவர். கணவர் அங்கேயே மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட, பிள்ளைகள் தடுத்தும் கேளாமல், போர் முடிந்தபின் காணி உறுதிப் பத்திரத்தோடு தனியாகத் திரும்பி வந்தார்.

வந்து பார்த்தால் வளவு முழுக்கக் கச்சான், அதாவது நிலக்கடலை. சில வருடங்களாக அங்கே பயிர் செய்தவர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர். ராத்தா ஆள் பிடித்து எல்லைக்கு நட்ட கட்டைகளை அவர் அன்று பின்னேரமே பிடுங்கி ஒழுங்கையில் எறிந்தார்.

"காடாக் கிடந்த காணி. வெட்டித் திருத்தினது நான். இவ்வளவு காலமும் எங்க போனியள்?" என்று அவர் போட்ட சத்தம் எங்கள் குசினி வரைக்கும் கேட்டது.

ராத்தா எங்கள் வளவில் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்தார். கிராம சேவகர் வந்து உறுதியைப் பார்த்து, காணி ராத்தாவுடையதுதான், உடனே விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். கடைசி வீட்டுக்காரர் ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்த்தார். பருப்பு இன்னும் முற்றவில்லை.

ராத்தா கிட்டப் போனார். "இது எப்ப பிடுங்கலாம் தம்பி?"

"இன்னும் ஒரு மாதம் வேணும்."

"அப்ப பிடுங்கிப்போட்டே போங்கோ."

கிராம சேவகருக்கு நம்ப முடியவில்லை. "அதுவரைக்கும் நீங்கள் எங்க இருப்பியள்?"

"இந்தப் பிள்ளையின்ர வளவிலதானே இருக்கிறன். மழைக்கு இன்னும் நாள் கிடக்கு."

கச்சான் போட்டவர் நன்றி சொல்லவில்லை. மனுசி ஏதோ திட்டத்தோடுதான் நிற்கிறது என்று கடையில் சொல்லித் திரிந்தார்.

பிறகொரு நாள் அவர் புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போயிருந்த நேரம், கட்டாக்காலி மாடுகள் வேலியைப் பிரித்துக்கொண்டு கச்சானுக்குள் இறங்கின. நான் வெளியே வருவதற்குள் ராத்தா ஒரு தென்னை மட்டையோடு மாடுகளைக் கலைத்துக்கொண்டிருந்தார். கலைத்துவிட்டு, வேலியில் விழுந்த பொட்டு இடைவெளியை முட்கிளைகளால் அடைக்கும்போது அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். ராத்தாவின் முழங்கையிலிருந்து இரத்தம் வடிந்தது.

"உங்களுக்கு ஏன் இந்த வேலை?" அவருடைய குரலில் இருந்தது கோபமா வேறேதாவதா என்று எனக்கு விளங்கவில்லை.

"நாங்கள் வெளிக்கிடேக்க இந்த வளவில மரவள்ளி விளைஞ்சு நிண்டது தம்பி. ஒரு கிழங்கும் கிண்டேல்லை. கன காலம் எனக்கு அதுதான் கனவில வந்தது. உங்களுக்கும் அந்தக் கனவு வேண்டாம்."

அவர் சைக்கிளை வேலியில் சாத்தினார். பிறகு ராத்தாவின் கையிலிருந்த முட்கிளையை வாங்கித் தானே அடைத்தார்.

கச்சான் பிடுங்கி முடித்த அன்று அவர் எங்கள் வாசல் படலைக்கு வந்தார். ராத்தாவை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "கிணத்துக் கட்டில உங்கட மனுசன்ர பேர் இருந்தது. சுரண்டினது நான்தான். ஆரும் வந்து கேட்டால் காணியை விட வேண்டி வருமெண்டு…"

ராத்தாவின் முகம் கறுத்தது. கட்டைகளைப் பிடுங்கி எறிந்தபோதுகூட அவரை நான் அப்படிக் காணவில்லை.

"ஈரச் சீமெந்தில ஆணியால எழுதினவர். வடிவா இருந்திச்சுதோ?"

"ஓம். நல்ல வடிவான எழுத்து."

ராத்தா தறப்பாளுக்குள் போய் அழுதார். அந்த மனிதர் படலையடியிலேயே நின்றார். உள்ளே போகவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

அடுத்த நாள் எல்லைக் கட்டைகளை அவரே நட்டார். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினார். கட்டுக்குப் புதிதாகச் சீமெந்து பூசிவிட்டு, ஒரு ஆணியை நீட்டி, "நீங்களே எழுதுங்கோ ராத்தா" என்றார். ராத்தா எழுதிய கணவரின் பேர் கோணலாகத்தான் வந்தது.

வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினதும் அவர்தான். ஏன் இப்படி மாறிப்போனாய் என்று கடையில் ஒருவர் பகிடி பண்ண, "அவா என்னோட சண்டை பிடிச்சிருந்தா, நான் இண்டைக்கும் சண்டை பிடிச்சுக்கொண்டுதான் நிப்பன்" என்றாராம்.

போன பெருநாளுக்கு ராத்தா பிள்ளைகளைப் பார்க்கப் புத்தளம் போனார். வீட்டைப் பூட்டித் திறப்பை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து வளவில் இருக்கிற எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.