நான் காப்பாற்றிய கவ்வாத்துக் குச்சிகள்

சுற்றாடல் முகாமைத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய புதிதில் எனக்கு இருந்த தலைக்கனத்தை ஏற்றத் தனி லொறி பிடித்திருக்கலாம். ஹந்தானை மலையின் பாதுகாக்கப்பட்ட காட்டை ஒட்டிய தேயிலைத் தோட்டங்களில் மண்ணையும் காட்டையும் காக்க ஒரு திட்டம். அதில் நான் கள உதவியாளர். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கலஹா போகும் பஸ்ஸில் நின்றபடி போனில் மண்ணரிப்பு பற்றிச் சத்தமாகப் பேசுவேன். மறுமுனையில் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தத் தோட்டங்களில் ஒன்று நான் பிறந்து வளர்ந்தது. என் முதல் யோசனையை அங்கேதான் இறக்கினேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டியதும் விழும் குச்சிகளை லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் விறகுக்குக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவற்றை மலையிலேயே விட்டால் மக்கி உரமாகும், மழைக்கு மண்ணும் கரையாது. லயத்துத் தண்ணீர்க் குழாயைத் திருத்த ஒரு வருடமாக நேரம் கிடைக்காத நிர்வாகம், இதை ஒரே வாரத்தில் சட்டமாக்கியது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் செல்ஃபி எடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து என்னைக் காட்டோரம் பார்த்துவர அனுப்பினார்கள். எங்கும் புதிதாக முறித்த கிளைகள், புது ஒற்றையடிப் பாதைகள். ‘விறகுக்காகக் காட்டுக்குள் நுழைவோர் திடீரென அதிகரித்துள்ளனர். மக்களுக்கு விழிப்புணர்வு தேவை’ என்று எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண்மணி. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கூடினது சரி தம்பி. ஏன் கூடினது எண்டு எழுதேல்லையே?”

“விழிப்புணர்வு இல்லாததால மிஸ்.”

“ஓம். அப்ப ரெண்டு மாசத்துக்கு முந்தி இருந்த விழிப்புணர்வு எங்க போனது?”

பதில் வீட்டில் இருந்தது. அன்று மாலை போனபோது அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். காட்டில் விறகு பொறுக்கிய அவரையும் பக்கத்து வீட்டு அத்தையையும் வனக் காவலர் மறித்து விறகுக்கட்டைப் பிடுங்கியிருக்கிறார். அடுத்த முறை கோர்ட்டுதான் என்றும் சொல்லியிருக்கிறார்.

“காட்டுக்குள்ள ஏம்மா போனீங்க? நான் அங்கதானே வேலை பாக்குறேன், என் மானம் போகுது.”

“பின்ன எங்கடா போறது? கவ்வாத்துக் குச்சியத் தொடக்கூடாதுன்னு எவனோ படிச்ச நாயி எழுதிக் குடுத்துருக்கானாம்.”

வாசலில் நின்ற அத்தை, “அவன் வீட்டு அடுப்பு எரியாம போகட்டும்னு நான் சாபமே வுட்டுட்டேன்” என்றார்.

எங்கள் அடுப்பைப் பார்த்தேன். எரியவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன்.

“அது நான்தான்.”

அம்மாவின் கை முழங்காலிலேயே நின்றது. “சின்னதுல நீயும்தானேடா அந்தக் குச்சியத் தூக்கிட்டு வருவ? அதுல காச்சின தண்ணியில குளிச்சுட்டுத்தானே இஸ்கூலுக்குப் போன?”

நான்கு வருடப் படிப்பில் அதை எப்படி மறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அத்தைதான் முதலில் சிரித்தார். “சரி வுடு, புள்ள படிச்சிருச்சு. எலையும் பொடிக் குச்சியும் மண்ணுக்குக் கெடக்கட்டும். வெரல் தடிப்புக்கு மேல உள்ளத எங்களுக்குக் குடுக்கச் சொல்லு.”

என் பதினெட்டுப் பக்கத் திட்டத்தைவிட அது நன்றாக இருந்தது. அறிக்கையில் அதை அப்படியே எழுதி, ‘காரணம்’ என்ற இடத்தில் ‘கள உதவியாளரின் தவறான பரிந்துரை’ என்று போட்டேன். மிஸ் வாசித்துவிட்டு, “இதை நீரே தோட்டத்துத் துரையிட்ட போய்ச் சொல்லும்” என்றார்.

சொன்னேன். சட்டம் போட ஒரு வாரம் போதுமாயிருந்தது. மாற்ற ஐந்து வாரம் ஆனது. அதுவரை அம்மாவும் அத்தையும் காட்டுப் பக்கம் போகாமலிருக்க ஒரே வழிதான். தினமும் வேலை முடிந்ததும் பேராதனையில் ஒரு மர ஆலையில் கழிவுக் கட்டைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு கலஹா பஸ் ஏறினேன். அட்டை சட்டைக்குள், போன் பைக்குள்.

மூன்றாம் நாள் கண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்தார். “என்ன தம்பி, இன்னைக்கு மண்ணரிப்பு இல்லையா?”

“வெறகுதாண்ணே” என்றேன்.