ஃபெர்ரியில் கதை படித்த அக்கா

லங்காவியில் கட்டட வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டு, கோலா கெடா துறைமுகத்தில் ஃபெர்ரி ஏறினேன். பக்கத்தில் தலை நரைத்த ஓர் அக்கா. மடியில் இரண்டு புத்தகங்கள். கிறிஸ்தவத் தியானப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தை உதடசைத்துப் படித்த பிறகுதான் கதைப் புத்தகத்தைத் தொட்டார்.

"மொதல்ல ஆண்டவரு, அப்புறந்தான் கதை, தம்பி."

பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. அலை எங்களைப் பக்கவாட்டில் சாய்த்தது. சிலர் அழுதார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள். லைஃப் ஜாக்கெட்டின் வாரை என்னால் கட்ட முடியவில்லை.  அக்காவோ கதைப் புத்தகத்தின் பக்கங்களை வேகமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஜெபம் பண்ணலையாக்கா?"

"பண்ணிட்டேன்லா. இந்தக் கதைல கோவிச்சுக்கிட்டு ஓடிப்போன மகன் திரும்பி வந்து வாசல்ல நிக்கிறான். அப்பன் கதவைத் தொறந்தானா இல்லையான்னு தெரியாம எப்படிச் சாகறது?"

"சத்தமாப் படிங்கக்கா."

படித்தார். மகன் கதவைத் தட்டினான். உள்ளே விளக்கு எரிந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் உறுமியது.

"ஸ்தோத்திரம்!" என்று புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். "இனி வீட்டுல மெதுவாப் படிச்சுக்கலாம்லா."

கரையில் இறங்கி அவர் கூட்டத்தில் கலந்துவிட்டார். நானும் அப்பாவிடம் கோவித்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்து பல வருஷமாகிறது. கதவு திறந்ததா என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும்படி அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.