மறந்ததையெல்லாம் திருத்திட்டாங்க

என் புத்தகம் நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா அவங்களை அறையணும் போல இருக்கு. நல்லா இல்லைன்னு சொன்னா அழுகை வருது. ரெண்டுக்கும் நடுவுல நான் என்னத்தைப் பண்றது? அலமாரி மேல ஒரு கட்டு பிரிக்காம கெடக்கு. தூசி தட்டக்கூட நான் அந்தப் பக்கம் போறதில்லை.

நான் பேரிகைக்காரி. ஓசூர் தொழிற்பேட்டையில, வண்டிகளுக்கு வேண்டிய ஒயரையெல்லாம் கட்டுக் கட்டா செஞ்சு அனுப்பற கம்பெனியில லைன் லீடரா இருக்கேன். ஒரு லைன்ல வரிசையா ஸ்டேஷன் இருக்கும். ஒவ்வொரு பொண்ணும் தன் ஸ்டேஷன் வேலையை முடிச்சு அடுத்தவளுக்குத் தள்ளணும். காலையில இருந்து கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போற வேலை. எனக்குக் கோபம் வரும்னு எல்லாருக்கும் தெரியும். கதை வரும்னு பஸ்ல வர்றவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கதை எனக்குக் கெலவரப்பள்ளி அணையிலதான் கெடச்சுச்சு. எங்க சித்தி வீடு அந்தப் பக்கம். மழைக்காலத்துல தண்ணி தொறந்து விட்டா, வீட்டு ஒசரத்துக்கு வெள்ளை வெளேர்னு நுரை எழும்பி நிக்கும். காத்தடிச்சா ரோட்டுக்கே வந்துடும். பாக்க அழகா இருக்கும், நாத்தம் கொடலைப் புடுங்கும். ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டி மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னப்ப தோணுச்சு, மேல எங்கயோ ஒரு மிருகம் ஒடம்பு முடியாம வாயில நுரை தள்ளிக்கிட்டுக் கெடக்குதுன்னு.

அப்படி ஆரம்பிச்சதுதான். ஆத்துக்குக் கீழ ஒரு ஊரு. அந்த நுரை யார் மேல பட்டாலும் அவங்க குரல் போயிடும். ஒரு பொண்ணோட தம்பி நல்லாப் பாடுவான், அவன் மேல பட்டுடுது. அவன் குரலைத் திருப்பி வாங்க அந்தப் பொண்ணு பரிசல் எடுத்துக்கிட்டு ஆத்துக்கு எதிரா மேல போறா. வழியில ஏழு வாசல். நம்ம பார்டர் செக்போஸ்ட் மாதிரிதான், ஆனா அங்க காசு வாங்க மாட்டாங்க. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு ஞாபகத்தைக் கழட்டிக் குடுத்துட்டுத்தான் போகணும். முதல் வாசல்ல அவ படிச்ச பாட்டைக் குடுக்கறா. அப்புறம் ஊர் பேரு, அம்மா முகம், இப்படிப் போய்க்கிட்டே இருக்கும். நடுவுல சண்டை, சுழல், பாறைக்குள்ள தூங்கற ராட்சசக் கூட்டம் எல்லாம் உண்டு. கடைசி வாசலுக்கு வரும்போது அவகிட்ட மிச்சம் இருக்கறது தம்பியோட ஞாபகம் ஒண்ணுதான்.

பேரிகையில ஏறினா கம்பெனி பஸ் பாகலூர் வழியா ஓசூர் போக முக்கால் மணி நேரம். அதுலதான் சொல்லுவேன். பின் சீட்டுல இருந்த பொண்ணுங்க ஒவ்வொருத்தியா முன்னாடி வந்து ஒக்காந்தாங்க. ஒரு எடம் அவளுங்களுக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சா, மறுநாள் அதை வேற மாதிரி சொல்லிடுவேன். வண்டி ஓட்டறவர் கன்னடக்காரர், தமிழ் அரைகுறை. நான் நிறுத்தினா கண்ணாடி வழியா என்னைப் பாத்து "ஆமேலே?"ம்பார். அப்புறம்னு அர்த்தம். ரோட்டைப் பாருங்கண்ணான்னு நான் கத்துவேன்.

பாகலூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருந்த பொண்ணு ஒருத்தி. ராமநாதபுரம் பக்கம், காண்ட்ராக்ட்ல வந்தவ. அவ பேசினா பஸ்ல மத்தவளுங்க கிண்டல் பண்ணுவாளுங்க, அதனால பேசவே மாட்டா. நாலாவது வாசல் முடிஞ்ச அன்னைக்கு, எறங்கற நேரத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, கடைசில தம்பியையும் குடுத்துருவாளாக்கா?"ன்னா. பொறுடி, அவசரம் என்னன்னேன். அவ விடல. அவளுக்கும் ஒரு தம்பி இருந்திருக்கான். கண்மாயில குளிக்கப் போனவன் திரும்ப வரல. "நாலு நாள் அவனை மறந்துருந்தா நான் நல்லாத் தூங்குவேன்க்கா. அப்புடி நெனைக்கறது பாவமாக்கா?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள கம்பெனி கேட்டுல வரிசை நகர்ந்துச்சு, அவ கார்டு தேய்ச்சுட்டு உள்ள போயிட்டா.

அவ கேட்டதுக்கு அப்புறம்தான் எனக்கு முடிவே கெடச்சுது. கதையில வர்ற பொண்ணு தம்பியையும் குடுத்துடறா. குரலை வாங்கிக்கிட்டு எறங்கி வர்றா. தான் யாருக்காக இதைத் தூக்கிக்கிட்டு வர்றோம்னே தெரியாம கரையில வெச்சுட்டு ஒக்காந்துடறா. கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் ஒரு பையன் பாடறான். யார் பெத்த புள்ளையோ, என்னமா பாடுதுன்னு சொல்றா. அவன் அக்கா அக்கான்னு கூப்புடறான். யாரையோ கூப்புடறான் பாவம்னு எந்திரிச்சுப் போறா. அவ்வளவுதான். மறக்கறது பாவமில்லடி, அவனுக்காகத்தானே அவ மறந்தான்னு பஸ்ல கேட்டவளுக்கு நான் சொல்ல நெனச்சதெல்லாம் அந்த ஒரு பக்கத்துல இருந்துச்சு. எழுதி முடிச்சுட்டு நானே அடுப்படியில நின்னு அழுதேன்.

பஸ்ல அதை மட்டும் சொல்லல. புத்தகத்துல படிச்சுக்கோங்கடின்னு சொல்லிட்டேன். எல்லாரும் அடிக்க வந்தாங்க. அதுக்குள்ள ராமநாதபுரத்துப் பொண்ணுக்குக் காண்ட்ராக்ட் முடிஞ்சுது, ஊருக்குப் போனா. போறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "முத புத்தகம் எனக்கு அனுப்பிருங்கக்கா." உனக்கில்லாம யாருக்குடின்னேன்.

பாகலூர் ரோட்டுல பிளெக்ஸ் அடிக்கற கடை வெச்சிருந்தவர் ஒருத்தர் பதிப்பகமும் நடத்தினார். சேலத்துக்காரர், நல்ல மனுஷன், இப்பவும் அதைத்தான் சொல்லுவேன். கையெழுத்துப் பிரதியைப் பாத்துட்டு, "ஏங்க, இது மாதிரி நம்ம பக்கத்துல யாருமே எழுதல. புத்தகத் திருவிழாவுக்குக் கொண்டுவந்துடலாம்"ன்னார். எனக்குத் தலைகால் புரியல. எடிட்டிங்னு ஒண்ணு வேணுமாமே சார்னு கேட்டேன். அதெல்லாம் நம்ம வாசிப்பு வட்டத்துல மூணு பேரு பாத்துடுவாங்க, ஆளுக்கு ஒரு பங்கு பிரிச்சுக் குடுத்துட்டா சீக்கிரம் முடியும்னார். மூணு பேரும் வெவ்வேற கம்பெனி, வெவ்வேற ஷிப்ட். ப்ரூஃப் எனக்குக் காட்டுங்கன்னு போன் மேல போன் போட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னார். கடைசில ஒரு நாள், "பிரிண்டுக்குப் போயிடுச்சுங்க, நேரமில்ல, ஒண்ணும் கவலைப்படாதீங்க"ன்னார். கவலைப்படாதீங்களாம்!

புத்தகத் திருவிழாவுல ஸ்டால்ல என் புத்தகத்தைப் பாத்தப்ப, சொல்ல வெட்கமா இருக்கு, மோந்து பாத்தேன். அன்னைக்குச் சாயங்காலமே ஒரு பிரதியை ராமநாதபுரத்துக்குக் கூரியர் போட்டேன். உள்ள ஒரு பக்கம் கூடப் பொரட்டல. என் புத்தகம்தானே, எனக்குத் தெரியாததா உள்ள இருந்துடப் போகுது?

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரை ஒக்கார வெச்சு, கடைசிப் பக்கத்தைப் படிக்கறேன் கேளுங்கன்னு தொறந்தேன். பையன் பாடறான். சரி. அக்கான்னு கூப்புடறான். சரி. அப்புறம் இருக்கு பாருங்க: "தம்பீ! என்று கதறியபடி அவள் ஓடி வந்து அவனை அணைத்துக்கொண்டாள். பாசத்தின் முன் எந்த மாயமும் செல்லாது."

இது நான் எழுதலைங்கன்னேன். அவர் அட்டையைத் திருப்பிப் பாத்துட்டு, உன் பேருதானே போட்டிருக்குன்னார்.

முன்னாடி முன்னாடிப் பொரட்டினேன். அஞ்சாவது வாசல் தாண்டினதும் அவளுக்கு ஊர் பேரு தெரியக் கூடாது, ஆனா ஊர் பேரைச் சொல்றா. அம்மா முகத்தைக் குடுத்தவ அம்மாவுக்கு நெத்தியில மச்சம்ங்கறா. முதல் வாசலுக்கு வந்தா, அங்க வாசல்காரன் விதியைச் சொல்ற எடமே காணோம். வேகம் கொறையுதுன்னு யாரோ தூக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு வாசல் வாசலா எதுக்கு நின்னு நின்னு போறான்னே தெரியல, டோல்கேட்டுல லாரி நிக்கற மாதிரி நின்னுட்டுப் போறா. பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்ச கதைன்னு சொல்லுவாங்க. குரங்கா முடிஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்லையே. அதுக்கும் ஒரு வாலாவது இருக்கும்.

மறுநாளே கடைக்குப் போய் கத்தின கத்துல மெஷினை நிறுத்திட்டாங்க. பதிப்பாளர் மூணு பேருக்கும் போன் போட்டார். முதல் பங்கு பாத்தவர் எடுக்கல. நடுப் பங்கு பாத்தவர் ஒண்ணையும் தொடல. அவருக்கு நைட் ஷிப்ட், பாவம், வெச்சுக்கிட்டே தூங்கியிருப்பார், அவர் நல்லா இருக்கணும். கடைசிப் பங்கு பாத்தவர் மட்டும் நேரா கெளம்பி வந்தார். ஏதோ மோட்டார் கம்பெனியில ரீவொர்க் பகுதி, தப்பா வர்ற சாமானைச் சரி பண்றது வேலை. என்னைப் பாத்ததும் கும்புட்டார். சந்தோஷமா இருந்தார், அதுதான் கொடுமை.

"மேடம், கதை பிரமாதம். ஆனா எழுதற வேகத்துல நெறைய எடத்துல விட்டுட்டீங்க. அந்தப் பொண்ணுக்கு அவ ஊர் பேரே தெரியல, அம்மா எப்படி இருப்பாங்கன்னு தெரியல. கடைசில பாருங்க, சொந்தத் தம்பியையே யாரோங்கறா! எல்லாத்தையும் ஒண்ணு விடாம சரி பண்ணிட்டேன். லீவு போட்டு ஒக்காந்தேன் மேடம்."

"முதல் பகுதியைப் படிச்சீங்களா சார்?"

"அது என் பங்கு இல்லைங்களே. முந்தின ஸ்டேஷன்ல ஓகே ஆகி வந்ததை நாம பிரிச்சுப் பாக்கக் கூடாதில்லைங்களா."

திட்டறதுக்கு வாயைத் தொறந்தேன். புதுசா சேர்ற ஒவ்வொரு பொண்ணுக்கும் முதல் நாள் நான் சொல்றது இதைத்தான். பிரிக்காதே, உன் ஸ்டேஷனை மட்டும் பாரு. ஒயருக்கு அது சரி. அந்த மனுஷன் என் கதையையும் அப்படித்தான், கண்ணுல ஒத்திக்காத குறையா, அக்கறையா சரி பண்ணியிருக்கார். கெட்டவனா இருந்தா நாலு கேள்வி கேட்டுட்டு மனசு ஆறிப் போயிருக்கும். இவரை என்னன்னு கேக்கறது? நான் வெளிய வந்து ரோட்டு ஓரத்துல ஒக்காந்துட்டேன்.

அப்பத்தான் கூரியர் ஞாபகம் வந்துச்சு. அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டேன், படிக்காதடின்னு சொல்ல. சுவிட்ச் ஆஃப். மறுநாளும் அப்படித்தான். வேற நம்பர் என்கிட்ட இல்லை. லைன்ல நிக்கும்போதெல்லாம் அவ எந்தப் பக்கத்துல இருப்பாளோன்னு மனசு அடிச்சுக்கும். பஸ்ல பொண்ணுங்க, முடிவு சூப்பர்க்கா, நாங்க பயந்தே போயிட்டோம், நல்லவேளை சேர்த்து வெச்சுட்டீங்கன்னாங்க. ரெண்டாம் பாகம் எப்பக்கான்னாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். பதிப்பாளர்கிட்ட, அடுத்த பதிப்புல மாத்தித் தாங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். வித்துத் தீந்தா பாக்கலாங்கன்னார். தீர்ற மாதிரி தெரியல.

ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தப்ப தெரியாத நம்பர்லருந்து போன். "அக்கா, நாந்தான். படிச்சிட்டேன்க்கா."

"முழுசுமா?"

"ம்." அப்புறம் ரொம்பத் தயங்கிக் கேட்டா. "அவளுக்குத்தான் எல்லாமே ஞாபகம் இருக்கேக்கா. அப்ப ஏழாவது வாசல்ல என்னத்தைக்கா குடுத்தா?"

இத்தனை பேர் படிச்சாங்க. எந்த மகராசனும் அதைக் கேக்கல. ஈரத்துணியைத் தோள்ல போட்டுக்கிட்டு மொட்டை மாடிச் சுவர்ல சாஞ்சு நின்னு நெஜமான முடிவைச் சொன்னேன். கரையில வெச்சுட்டு ஒக்காந்தது, யார் பெத்த புள்ளையோன்னது, எந்திரிச்சுப் போனது, எல்லாம். ஒரு வார்த்தை விடல. அந்தப் பக்கம் அவ அழறது கேட்டுச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "இதுக்குத்தான்க்கா நான் காத்துக்கிட்டு இருந்தேன்"ன்னா. அப்புறம், "இதை ஏன்க்கா எழுதல?"ன்னா.

"எழுதினேன்டி. இதைத்தான்டி எழுதினேன். அவனுங்க மாத்திட்டானுங்க."

"சரிக்கா."

"சத்தியமாடி."

"சரிக்கா. பஸ்லயும் நாங்க மொகம் சுளிச்சா மறுநாளே மாத்திச் சொல்லுவீங்கல்ல. என் மனசு நோகக் கூடாதுன்னுதானே இப்பவும் மாத்துனீங்க. எனக்குத் தெரியும்க்கா."

இல்லடின்னு சொன்னேன். அவ உடம்பைப் பாத்துக்கோங்கக்கான்னு சொல்லிட்டு வெச்சுட்டா.