ரத்தத்துக்கு ஷிப்ட் போட்டவள்

என் தங்கையின் வயிற்றில், வலப்பக்கம், இடுப்பெலும்புக்கு உள்ளே தள்ளி, என்னுடைய சிறுநீரகம் ஒன்று இருக்கிறது. பழுதான இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எடுக்கவில்லை. முன்பக்கம் கொஞ்சம் இடம் பார்த்து இதையும் வைத்துத் தைத்துவிட்டார்கள். இப்போது அவளுக்கு மூன்று, எனக்கு ஒன்று. பழைய கம்ப்ரஸரைக் கழற்றாமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்றை மாட்டினால் வாடிக்கையாளர் என்னை வாசலோடு துரத்துவார். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எனக்குத் தெரிந்த பெட்டியில் சில்லென்று இல்லை என்றால் குமிழை ஒரு பக்கம் திருப்ப வேண்டும், உறைந்துபோனால் மறுபக்கம். இந்த உடம்பு விவகாரம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவள் பஸ் கண்டக்டர். டிப்போவில் அவளுக்கு ‘விசில்’ என்று பெயர். அவள் வாயில் விசிலை வைத்தால் படியில் தொங்குகிறவன் தானாக உள்ளே ஏறிவிடுவான். பத்தொன்பது வருடம் ஒரே தடம், ரயில் நிலையத்திலிருந்து துணி ஆலை வரைக்கும். காலை ஐந்தே முக்காலுக்கு முதல் வண்டி. நிற்க இடமில்லாத கூட்டத்தில் அவள் மட்டும் முன்னும் பின்னும் போய் வருவாள். ஏறுகிறவன் இருமுவது, இறங்குகிறவன் தும்முவது எல்லாம் அவள் முகத்தில்தான். காய்ச்சல் என்று அவள் லீவு போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. “ஊர்ல இருக்கற கிருமிக்கெல்லாம் என்கிட்ட பாஸ் இருக்கு, ஏறும், அடுத்த ஸ்டாப்ல இறங்கிடும்” என்பாள்.

அவள் அந்த வேலைக்குப் போனது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வயதுப் பெண், கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு என்ன வேலை என்று குதித்தேன். அவள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிய முதல் நாள், வாசலில் நின்று, அக்கம்பக்கம் பார்க்க, “இனிமே நீ யாரோ, நான் யாரோ” என்று சொன்னேன். ஏழு வருடம் பேசவில்லை. அவள் வண்டி வந்தால் அடுத்த வண்டிக்கு நிற்பேன். பிறகு என் மனைவி நடுவில் புகுந்து எப்படியோ எங்களைச் சேர்த்து வைத்தாள். நான் சொன்னது தப்பு என்று நான் அவளிடம் சொன்னதில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அப்புறம் அவளுடைய சிறுநீரகங்கள் கெட்டன, நான் ஒன்றைக் கொடுத்தேன். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று என் நினைப்பு.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, ஆயுசு முழுக்க அவள் தினம் இரண்டு வேளை மாத்திரை போட வேண்டும் என்றார். காலை ஆறு, மாலை ஆறு.

“கூடப் பொறந்தவன் கிட்னிதானே டாக்டர்? ஒரே ரத்தம். அப்புறம் எதுக்கு மாத்திரை?” என்றேன்.

“அது உங்களுக்குத் தெரியும். அவங்க ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுவுக்குத் தெரியாது. உடம்புல ஒவ்வொரு செல்லுக்கு மேலயும் ஒரு அடையாளம் இருக்கும். தன்னோட அடையாளம்னா தொடாது. வேற மாதிரி இருந்தா, வந்தது கிருமியா அண்ணனான்னு விசாரிக்காது. அடிச்சிடும். உங்க அடையாளம் அவங்களோட பாதிதான் ஒத்துப்போகுது.”

தோலும் சளியும் முதலில் தடுக்குமாம். அதைத் தாண்டி உள்ளே வந்ததைச் சில அணுக்கள் அப்படியே விழுங்குமாம். இன்னும் சில, நிதானமாக வந்து, எதிரி எப்படி இருக்கிறான் என்று படித்து வைத்துக்கொள்ளுமாம். அதே கிருமி மறுபடி வந்தால் படித்தது ஞாபகத்தில் இருக்கும், உடனே பாய்ந்துவிடும். இத்தனை வருடம் பஸ்ஸில் என் தங்கை தாக்குப்பிடித்தது அப்படித்தான் என்றார். மாத்திரை அந்தக் கெட்டிக்கார அணுக்களைத்தான் மந்தமாக்கும். அவை மந்தமானால் சிறுநீரகம் பிழைக்கும், ஆனால் கிருமிக்குக் கதவு திறந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் அளவு பார்த்து நிறுத்த வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. அந்த வாரம்தான் என் மனைவி ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று எழுதிய பவுடர் டப்பா ஒன்றை நாத்தனாருக்காக ஆசையாக வாங்கி வந்திருந்தாள். ஊரே கூட்டச் சொல்கிறது, டாக்டர் குறைக்கச் சொல்கிறார். டப்பாவைப் பரண்மேல் ஒளித்து வைத்தேன்.

எட்டு மாதம் ஓய்வுக்குப் பிறகு டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருகிறோம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. முகக்கவசம், கையுறை, இன்னும் என்னென்னமோ போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுடைய இரண்டு அறை வீட்டுக்குப் போய் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். ஏழு நாளைக்குப் பதினான்கு குழி. ஒன்றில்கூட மிச்சம் இருக்காது. எனக்கும் திருப்தி.

மறுபடி பஸ்ஸில் ஏறிய மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்குக் காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் வலி. சிறுநீர் சரியாகப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் எடுத்தபோது மாலையாகிவிட்டது.

டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டார். “இதுல ரெண்டு வழி இருக்கு. கிருமி புகுந்திருந்தா மாத்திரையக் குறைக்கணும், உடம்பு சண்ட போடட்டும்னு விடணும். உடம்பே கிட்னிய அடிக்க ஆரம்பிச்சிருந்தா மருந்தக் கூட்டணும். ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். மாத்தி செஞ்சா கிட்னியும் போகலாம், ஆளும் போகலாம்.”

“எதுன்னு எப்படித் தெரியும்?”

“ரத்தத்துல மாத்திரை அளவு ரொம்பக் கொறைவா இருக்கு. ஒழுங்கா போடறாங்களா?”

“ஒண்ணுகூடத் தவறல டாக்டர். நானே பெட்டியப் பாக்கறேன்” என்று மார்தட்டிச் சொன்னேன். படுக்கையிலிருந்து அவளும், “ஒண்ணுகூட மிச்சம் வெக்கல டாக்டர்” என்றாள்.

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எல்லா மாத்திரையும் வயிற்றுக்குள் போயிருக்கிறது, ரத்தத்தில் காணவில்லை. “தவறாம போட்டிருந்தா டெஸ்ட்லதான் தப்பு இருக்கணும். அப்போ கிருமிப் பக்கமா யோசிக்கலாம். மறுபடி ஒரு தடவ ரத்தம் எடுக்கறோம்” என்று போனார். அப்படியென்றால் மாத்திரையைக் குறைக்கப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நல்லதா கெட்டதா என்றுதான் புரியவில்லை.

மறுநாள் காலை ரத்தம் எடுத்த பிறகு நர்ஸ் மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினார். என் தங்கை அரைத்தூக்கத்தில் கையை ஆட்டினாள்.

“இருக்கட்டும்மா. சாயந்திரம் ரெண்டையும் சேத்துக் குடுங்க. நான் அப்படித்தான் போடுவேன்.”

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். “என்னது?”

அவள் விழித்துக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள்.

“சொல்லித் தொல!”

“காலையில மாத்திரை போட்டா என் ஆளுங்க தூங்கிடுவாங்கண்ணா. பஸ்ல அவ்ளோ கூட்டம், எல்லாரும் இருமறாங்க. வண்டி ஓடற நேரத்துல உள்ள காவலுக்கு ஆள் முழிச்சிருக்க வேணாமா? அதான் டூட்டி முடிஞ்சு, வீட்டுக்கு வந்து, கதவ சாத்தினதும் ரெண்டையும் சேத்துப் போட்டு தூங்க வெச்சிடுவேன். ஒண்ணுகூடத் தவற விடல.”

ரத்தத்துக்கு ஷிப்ட் போட்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெட்டியில் குழி காலியாக இருந்ததைப் பார்த்துப் பார்த்துத் திருப்திப்பட்ட என் மூளையையும் சேர்த்தே திட்டினேன். “அறிவிருக்கா உனக்கு? என் வயித்தக் கிழிச்சுக் குடுத்தேன்டீ!”

“அதுக்காகத்தான் செஞ்சேன்!” அவளும் கத்தினாள். “எவனோ ஒருத்தன் இருமி, அந்தக் கிருமி உள்ள போயி, உன் கிட்னியத் தின்னுடுச்சுன்னா நான் உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

நர்ஸ் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். எல்லாவற்றையும் கேட்டவர் கோபப்படக்கூட இல்லை. “பஸ்ஸ நிறுத்தி வெக்க டிப்போ இருக்கும்மா, ரத்தத்துக்குக் கிடையாது. மருந்து கொறைஞ்ச அந்தப் பகல் நேரத்துலதான் அது இவரு கிட்னியப் பாத்து யாருடா நீன்னு கேட்டிருக்கு” என்றார். அன்றைக்கே ஊசியால் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். கிருமி ஒன்றும் இல்லை. அவளுடைய வெள்ளை அணுக்கள்தான் கூட்டமாகப் புகுந்திருந்தன. காய்ச்சலும் அவற்றின் வேலைதானாம். கிருமியே இல்லாமல் ஒரு காய்ச்சல். அவளைப் பத்தொன்பது வருடம் காப்பாற்றிய அதே ஆட்கள். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை எனக்கு.

அந்த அணுக்களை அடக்க மூன்று நாள் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான்காம் நாள் மாலை டாக்டரம்மா வந்து, சிறுநீரகம் நிற்கும் என்றார். கொஞ்சம் போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பஸ்ஸை மறந்துவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அவள்தான் முதலில் பேசினாள். “அண்ணா, உன்ன வேத்தாள்னு நான் சொல்லல. என் ரத்தம் சொல்லிடுச்சு. அதுக்குத் தெரியாதுண்ணா.”

வாசலும், காக்கிச் சட்டையும், வேடிக்கை பார்த்த அக்கம்பக்கமும் அப்படியே கண்முன் வந்தன.

“அது தெரியாமத்தான் சொல்லுச்சு” என்றேன். “நான் தெரிஞ்சே சொன்னேன்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“மணி என்னண்ணா?”

“ஆறு.”

“மாத்திரைய எடு” என்று கையை நீட்டினாள்.