கண்ணாடிக்கு நீட்டிய அட்டை

அந்தப் பயிற்சி மையத்தில் அவளுக்குக் கறார் டீச்சர் என்று பெயர். பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள் வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவள் காதுக்கு எட்டாமலும் இல்லை. பேச்சு வராத ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பட அட்டை கொடுத்துக் கேட்கக் கற்றுத்தருவது இருபது வருடமாக அவள் வேலை. சோப்புக் குமிழி வேண்டுமா, குமிழிப் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் வை. வைத்த மறுநொடி குமிழி பறந்தாக வேண்டும். இதில் ஒரு நிமிடம் தாமதித்தாலும் உதவியாளர்களை வறுத்தெடுத்துவிடுவாள். கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளைக்கு ஒருமுறை உறைத்துவிட்டால் கத்தலும் கடியும் பாதியாகிவிடும். பிஞ்சுக் கையில் குத்தாமலிருக்க ஒவ்வொரு அட்டையின் முனையையும் அவளே வளைத்து வெட்டுவாள். ஆனால் அம்மாக்கள் விஷயத்தில் ஈவிரக்கம் கிடையாது. அம்மா வாசலோடு சரி. உள்ளே வந்தால் பிள்ளை ஒட்டிக்கொள்ளும், பாடம் நடக்காது.

ஏழு வயதுப் பாப்பா ஒருத்தி வந்தாள். மூன்று வாரம், அதாவது பாடம் நடக்கும் பதினைந்து நாள் பார்ப்பார்கள். அதற்குள் ஒரே ஒரு அட்டையையாவது ஓர் ஆள் கையில் வைத்தால் இடம் உறுதி. இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்கு.

"நாங்க ஏறி இறங்குற ஆறாவது எடம் இதுங்க" என்றாள் பாப்பாவின் அம்மா, வாசலில் நின்றபடி.

முதல் நாளே பாப்பா ஓர் அட்டையை எடுத்தாள். சிவப்புக் கை போட்ட 'போதும்' அட்டை. அதை டீச்சரிடம் தரவில்லை. நேராகச் சுவரில் பதித்த பெரிய கண்ணாடியிடம் போய் நீட்டினாள். தன் உருவத்தைப் பார்க்கிறாளோ என்று டீச்சர் குனிந்து கவனித்தாள். இல்லை. அவள் தன் தலைக்கு மேலே, பெரியவர் ஒருவரின் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் சன்னல். பின்னாலிருக்கும் இருட்டறையில் உட்கார்ந்து அதிகாரிகள் பாடத்தைக் கவனித்த காலம் ஒன்று உண்டு. இப்போது அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. சாவி டீச்சரின் கைப்பையில்.

குறிப்பேட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினாள். மறுநாளும் அதே அட்டை, அதே உயரம். மறுநாளும் அதையே எழுதினாள்.

பத்தாம் நாள், ஒரு சொல்லும் வராத அந்த வாயிலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல் வந்தது. "அழாத... சத்தம் வரக்கூடாது... அழாத."

குழந்தைக் குரல் இல்லை அது, வளர்ந்த பெண்ணின் குரல். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு என்று டீச்சருக்குத் தெரியும். ஆனால் எங்கே கேட்டாள்? அந்த அறையில் யாரும் அப்படிப் பேசவில்லையே.

பாடம் முடிந்ததும் இருட்டறையைத் திறந்து பார்த்தாள். ஓரத்தில் அடுக்கியிருந்த நாற்காலிகளெல்லாம் தூசி. கண்ணாடியை ஒட்டிப் போட்டிருந்த ஒற்றை நாற்காலியில் மட்டும் தூசியே இல்லை.

"அக்கா, இந்த ரூமுக்குள்ள யாராவது போறாங்களா?"

"சாவி உங்ககிட்டதானே இருக்கு டீச்சர்?" என்றாள் பெருக்குகிற அக்கா, நிமிராமலே. விளக்குமாற்றுச் சத்தம் மட்டும் பெரிதானது.

அதன்பிறகு டீச்சர் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்காரவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பயந்துதான் போயிருந்தாள்.

பதினைந்தாம் நாள் பாப்பா அட்டையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். "அழாத" என்றது அந்தக் குரல். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துபோய், இரு கைகளையும் கண்ணோரம் குவித்து, நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள்.

ஒரு விரல் தூரத்தில் இரண்டு கண்கள் அவளையே பார்த்தன.

டீச்சர் அலறிவிட்டாள். ஓடிப்போய் இருட்டறைக் கதவைத் தள்ளினால், வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு பாப்பாவின் அம்மா நின்றிருந்தாள்.

"பெருக்குற அக்காகிட்ட இன்னொரு சாவி இருந்துச்சுங்க. அவங்கள ஒண்ணும் சொல்லிடாதீங்க, நான்தான் கெஞ்சினேன். இவ உள்ள கத்துறத வெளிய நின்னு கேக்க முடியல. சத்தம் வரக்கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு..."

"தினமுமா?"

"தினமும்."

டியூப்லைட் முனகலுக்கே காதைப் பொத்துகிற பாப்பாவுக்கு அந்த விசும்பல் முதல் நாளே கேட்டிருக்கிறது. அழுகிறவளிடம் போய்ப் போதும் என்று கேட்டிருக்கிறாள். அதையும் பதினான்கு முறை 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவைத்திருக்கிறாள் டீச்சர்.

பாப்பா பின்னாலேயே வந்து, அட்டையை அம்மாவின் கையில் வைத்தாள். அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. பாப்பா அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு டீச்சரிடம் வந்து, அவள் கையில் வைத்தாள்.

அப்போதுதான் டீச்சருக்குத் தன் கன்னம் ஈரமாக இருப்பது தெரிந்தது. கேட்ட மறுநொடி கொடுத்தாக வேண்டும். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுகையை நிறுத்தினாள்.